ஏ0 சைஸ் ஆய்வு போஸ்டர்: இலவச லிப்ரே ஆபிஸிலேயே முடிக்கலாம்... எப்படி?

மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் தேர்வாகிவிட்டது. கூடவே மெயிலில் ஒரு வரி: ‘போஸ்டர், ஏ0, போர்ட்ரெய்ட்’. பலரும் என்ன செய்கிறார்கள்? பவர்பாயின்ட்டில் சாதாரண ஸ்லைடு ஒன்றைத் திறந்து, ஆய்வு மொத்தத்தையும் அதில் திணித்து, பிரின்ட் கடையில் “பெருசு பண்ணிக் கொடுங்கண்ணா” என்று கொடுத்துவிடுகிறார்கள். கிராஃப் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து வருகிறது. ஸ்லைடின் வடிவமும் ஏ0 தாளின் வடிவமும் வேறு வேறு என்பதால் ஓரத்தில் வெள்ளையாக இடமும் நிற்கிறது. ராத்திரி ரயிலுக்கு முன்னால் மறுபடி பிரின்ட், மறுபடி காசு.

இதற்காகக் காசு கொடுத்து டிசைன் சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. ஓப்பன் ஆபிஸில் இருந்து 2010-ல் பிரிந்து வந்த லிப்ரே ஆபிஸ் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சந்தா கிடையாது. அதில் ஸ்லைடு போடும் இம்ப்ரெஸ், படம் வரையும் டிரா என்று இரண்டு உண்டு. போஸ்டருக்கு எங்கள் ஓட்டு டிராவுக்கு. ஆனால் பவர்பாயின்ட் பழகிய கைக்கு இம்ப்ரெஸ்ஸே வசதி என்றால் அதிலேயே செய்யலாம், தப்பில்லை.

முதல் வேலை... சைஸ்!

ஒரு எழுத்து டைப் அடிப்பதற்கு முன்பே பக்க அளவை மாற்றிவிடுங்கள். டிராவில் ‘பேஜ் பிராப்பர்ட்டீஸ்’, இம்ப்ரெஸ்ஸில் ‘ஸ்லைடு பிராப்பர்ட்டீஸ்’. அகலம் 84.1 செ.மீ., உயரம் 118.9 செ.மீ. என்று கொடுத்தால் அதுதான் ஏ0. ஏ1 கேட்டிருந்தால் 59.4-க்கு 84.1. சுற்றிலும் 2 செ.மீ. மார்ஜின் விடுங்கள், கடையில் வெட்டும்போது எழுத்து போகாது. பாதி வேலை முடிந்த பிறகு சைஸை மாற்றினால் பெட்டிகள் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கலைந்துவிடும். மாநாட்டுக்காரர்கள் சொன்னது போர்ட்ரெய்ட்டா, லேண்ட்ஸ்கேப்பா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மாட்டும் பலகையை அங்கே போய் மாற்ற முடியாது.

எழுத்து எவ்வளவு பெருசு?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஏ0 என்பது ஏ4-ஐ விட நீளத்திலும் அகலத்திலும் 4 மடங்கு. அதனால் போஸ்டரை ஏ4 தாளில் ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்து பிரின்ட் எடுத்து, 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படியுங்கள். ஏ0-வை 120 செ.மீ. தள்ளி நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியேதான் இதுவும் தெரியும். போஸ்டர் பார்க்க வருபவர் நிற்பதும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், அங்கேயும் யாரும் படிக்கப் போவதில்லை. போஸ்டரில் 24 பாயின்ட் எழுத்து ஏ4-ல் 6 பாயின்ட் ஆகிவிடும், மருந்துச் சீட்டு மாதிரி. உள்ளடக்கத்துக்கு 32-36 பாயின்ட், தலைப்புக்கு 85-க்கு மேல் வைத்தால் நல்லது. இடம் பத்தவில்லையா? எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், வாக்கியத்தை வெட்டுங்கள்.

தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவது இன்னொரு வழி. மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன், 2019-ல் வெளியிட்ட யூடியூப் வீடியோவில் இதைத்தான் வலியுறுத்தினார். முக்கியமான முடிவு நடுவில் பெரிய எழுத்தில், எளிய மொழியில்; விவரம் வேண்டுபவர்களுக்கு கியூஆர் கோடு. நடுப்பக்கத்தை அவ்வளவு காலியாக விடுவது எல்லாத் துறைக்கும் சரிவராது, கைடும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால், ‘குறித்த ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்பைத் தூக்கிவிட்டு, கண்டுபிடித்ததைத் தலைப்பாக்க யார் அனுமதியும் வேண்டாம்.

படம் உடைவது ஏன்?

மொபைலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் அகலம் 1080 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரில் அதை 40 செ.மீ.க்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 69 பிக்சல்தான் கிடைக்கும். குறைந்தது 150 வேண்டும். அதனால் கிராஃபை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே எடுக்காதீர்கள். பைத்தானோ ஆரோ பயன்படுத்துபவர்கள் எஸ்விஜி ஃபைலாக சேமித்து டிராவில் சேர்க்கலாம். அது கோடுகளாகவே சேமிக்கப்படும் வெக்டர் வடிவம், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. மைக்ரோஸ்கோப் படம் போன்ற போட்டோக்களுக்கு ஒரிஜினல் ஃபைலை எடுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதாக இருந்தால் போட்டோவாக இல்லாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது

ஓடிஜி, ஓடிபி ஃபைலைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே லிப்ரே ஆபிஸ் இருக்காது, வேறு சாஃப்ட்வேரில் திறந்தால் எல்லாம் நகர்ந்துவிடும். ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ கொடுங்கள், ஃபான்ட்டும் உள்ளேயே சேர்ந்துவிடும். அங்கே படங்களுக்கு ‘லாஸ்லெஸ் கம்ப்ரெஷன்’ தேர்வு செய்தால் தரம் குறையாது, ஃபைல் மட்டும் கனக்கும்.

தமிழில் போஸ்டர் போடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நம்மூர் கடைகள் பலவற்றில் பிடிஎஃப்பை கோரல்டிராவில் இம்போர்ட் செய்துதான் பிரின்ட் போடுகிறார்கள். அப்போது எழுத்தை எழுத்தாகவே எடுத்தால் ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறலாம். ‘எடிட் பண்ணாம நேரா பிரின்ட் போடுங்க’ என்று கேளுங்கள். முடியாது என்றால் டிராவிலேயே பிஎன்ஜி ஆக எக்ஸ்போர்ட் செய்து கொடுக்கலாம். ஏ0-வுக்கு 150 டிபிஐ என்றால் 4967-க்கு 7022 பிக்சல். பழைய லேப்டாப் கொஞ்சம் மூச்சு வாங்கும், பொறுமை வேண்டும்.

ஸ்கிரீனில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கித்தான் வரும், ஏனென்றால் மை கலக்கும் முறை வேறு. நிறம் முக்கியமான படம் என்றால், முழு போஸ்டருக்கு முன்னால் அந்தப் பகுதியை மட்டும் ஒரு சின்னத் துண்டில் அடித்துப் பாருங்கள். பேப்பரில் எடுத்தால் சுருட்டிக் கொண்டுபோக குழாய் வேண்டும். துணியில் அடிக்கும் கடை கிடைத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். அப்படியே அதே பிடிஎஃப்பை ஏ4-ல் இருபது காப்பி எடுத்து வையுங்கள். பார்க்க வருபவர்கள் கேட்டால் கையில் கொடுக்கலாம்.