ஐந்து டாலர் மனையும் ஓர் அமானிதமும்

மனை வாங்கப் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். விற்பவருக்கு இந்த இடம் எப்படி வந்தது? இதை அவர் தமக்காக வைத்திருக்கிறாரா, பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறாரா? முதல் கேள்வியை நம்மில் அநேகர் கேட்டுவிடுகிறோம். இரண்டாவதுதான் மறந்துபோகிறது. அந்த இரண்டாவது கேள்வி ஓர் ஊரையே அலைக்கழித்த வரலாற்றை இம்முறை வாசகர்களுக்குத் தருகிறோம்.

அமெரிக்காவில் அரிசோனாவின் தென்கிழக்கே, மெக்சிகோ எல்லைக்கு அருகில் டூம்ஸ்டோன் என்ற சிற்றூர் இருக்கிறது. பெயரின் பொருள் மீஸான் கல். 1877-ல் எட் ஷீஃபெலின் என்பவர் அந்த வறண்ட மலைப்பகுதியில் தனியாகக் கனிமம் தேடிப் போனார். அங்கே உனக்குக் கிடைக்கப்போவது மீஸான் கல்தான் என்று எச்சரித்தார்கள். அவருக்கு வெள்ளி கிடைத்தது. அந்தச் சொல்லையே தம் சுரங்க இடத்துக்குப் பெயராக வைத்தார். பின்னர் அது ஊருக்கும் பெயராயிற்று.

1881 அக்டோபர் 26-ம் தேதி அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டையைத் திரைப்படங்கள் உலகமெங்கும் கொண்டு சென்றன. ஆனால் அந்த ஊர்க் குடும்பங்களை அன்றாடம் வாட்டியது வேறொரு பயம். நாம் குடியிருக்கும் மனை நம்முடையதுதானா என்பதே அது.

அதற்கும் முன்னே

அந்தப் பகுதி அப்பாச்சி பழங்குடியினர் வாழ்ந்த மண். 1853 டிசம்பரில் செய்த ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா அதை மெக்சிகோவிடமிருந்து 1 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 1872-ல் சிரிகாவா அப்பாச்சிகளுக்கென்று அருகிலுள்ள மலைப்பகுதி ஒதுக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1876-ல், அந்த ஒதுக்கீடும் ரத்தானது. அவர்களில் பலரைச் சான் கார்லோஸுக்கு அழைத்துச் சென்ற அரசு அலுவலர் ஜான் கிளம். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனை விற்றார்கள், உரிமை இல்லை

1879 மார்ச்சில் சாலன் அல்லிஸ் என்ற நில அளவையாளர் அந்த மேட்டு நிலத்தை அளந்து தெருக்களைப் பிரித்தார். ஜேம்ஸ் கிளார்க், மைக் கிரே முதலியோர் கூட்டுச் சேர்ந்து நகர்மனைக் கம்பெனி ஒன்றை நடத்தினார்கள். ஆலன் தெருவில் ஒரு மனை 5 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர்கள் கூடாரம் போட்டார்கள், மரவீடு கட்டினார்கள், கடை திறந்தார்கள். வெள்ளி பெருகப் பெருக மனைகள் கைமாறின, விலையும் ஏறியது.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்த நிலம் அப்போது அமெரிக்க அரசின் பொது நிலம். கம்பெனியின் கையில் அரசு கொடுத்த உரிமைப் பத்திரம் எதுவும் இல்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் எப்படிப் பிறருக்கு விற்க முடியும்? ஆகவே பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது இடத்தின் அனுபோகம் மட்டும்தான்.

நகரத் தலைவர் கையில் அமானிதம்

இப்படி முளைக்கும் ஊர்களுக்காகவே 1867-ல் நகர்மனைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. அதன் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு குடியிருப்பாளரும் தனித்தனியாக அரசிடம் போக வேண்டியதில்லை. ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற விலையில் நகர நிர்வாகமே மொத்த நிலத்தையும் வாங்கலாம். ஆனால் அதைத் தன் சொந்தச் சொத்தாக அல்ல, அங்கே குடியிருப்பவர்களுக்காகப் பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். பிறகு அவரவர் மனையை அவரவருக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். நம் வழக்கில் சொன்னால், அது அமானிதம்.

டூம்ஸ்டோனுக்குரிய நிலம் 320 ஏக்கர். சட்டத்தின் விலைப்படி மொத்தமே 400 டாலர்தான். 1880 செப்டம்பரில் அரசின் உரிமைப் பத்திரம் வந்தது. அது நகரத் தலைவர் ஆல்டர் ராண்டல் பெயரில், குடியிருப்பாளர்களின் நன்மைக்காக என்று வந்தது.

அந்த நவம்பரிலேயே ராண்டல் பெரும்பாலான மனைகளைக் கிளார்க்கும் கிரேயும் நடத்திய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் தங்கள் மனைக்கே கம்பெனியிடம் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. ஊரார் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். வழக்குகள் எழுந்தன.

சிக்கல் அதோடு முடியவில்லை. 1872-ம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, கனிமம் கண்டவர் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் வரை இடத்துக்கு உரிமை கோரலாம். கில்டட் ஏஜ் என்ற சுரங்கத்துக்காகக் கோரப்பட்ட இடம் ஊரின் மனைகளோடு மோதியது. இப்படி ஒரே மனைக்குக் குடியிருப்பவர், கம்பெனி, சுரங்கக்காரர் என்று மூன்று பேர் உரிமை கொண்டாடும் நிலை வந்தது.

தேர்தலும் தீயும்

ஜான் கிளம் இப்போது டூம்ஸ்டோனில் பத்திரிகை நடத்திவந்தார். மீஸான் கல்லில் பொறிக்கும் வாசகத்தைக் குறிக்கும் ‘எபிடாஃப்’ என்பது அதன் பெயர். மனைக் கம்பெனியை எதிர்த்து நின்ற அவரை 1881 ஜனவரியில் மக்கள் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். குடியேறிகளின் மனைக்காக வாதாடிய இவரே, ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிரிகாவா மக்களை அவர்கள் மண்ணிலிருந்து அழைத்துப் போனவர். ஒருவர் ஒரு சாராரின் உரிமைக்குக் காவலராகவும் இன்னொரு சாராரின் உரிமை இழப்புக்குக் கருவியாகவும் இருக்க முடியும் என்பதை இங்கே காண்கிறோம்.

1881 ஜூன் 22-ல் பெருந்தீ மூண்டது. கடைவீதியில் 66 வணிக இடங்கள் சாம்பலாயின. புகை அடங்குவதற்குள் சிலர் எரிந்த மனைகளில் கூடாரம் அடித்து, இது எங்கள் இடம் என்றார்கள். கட்டடம் போனதும் உரிமையாளரின் அடையாளமும் போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. அப்போது காவல் பொறுப்பில் இருந்த விர்ஜில் ஏர்ப் ஒரு நெறியைப் பிடித்தார். தீக்கு முன் யார் வசம் இருந்ததோ, நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அவர் வசமே இருக்கட்டும் என்றார். புதிதாகப் புகுந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

அத்தனை போராட்டத்துக்குரிய மண்ணின் மதிப்பு நெடுநாள் நிற்கவில்லை. சுரங்கங்களில் தண்ணீர் ஊறியது. 1886-ல் நீரிறைக்கும் எந்திரக் கூடம் ஒன்று எரிந்தது. வேலை குறைந்து மக்கள் வெளியேறினார்கள். 1900-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரில் எஞ்சியவர்கள் 646 பேர்.

நமக்கான பாடம்

பணம் கட்டிய ரசீது வேறு, அனுபோகம் வேறு, உரிமைப் பத்திரம் வேறு. ஒன்று இருப்பதால் மற்ற இரண்டும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

பத்திரத்தில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே சொத்து முழுவதும் அவருடையது ஆகிவிடாது. தம்பி தங்கைகளின் பங்கையும் சேர்த்துத் தம் பெயரில் வைத்திருக்கும் அண்ணன், எத்தீமின் சொத்தைப் பார்த்துவரும் உறவினர், பொதுச் சொத்தின் நிர்வாகி ஆகிய எல்லோருமே ராண்டல் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். யாருக்காக வைத்திருக்கிறோம் என்பதை, எல்லோரும் இணக்கமாக இருக்கும்போதே எழுதிச் சாட்சிகளோடு வைத்துவிடுவது நல்லது. அந்தப் பொறுப்பு நம் கையில் இருந்தால், உரியவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம்.