மோட்டாருக்கு ஒரு தனி ரெக்கார்டு

ஆழ்துளைக் கிணறுகளுக்கு சப்மர்சிபிள் மோட்டார் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் சில ஆயிரம் பேர். நோட்டில் எழுதி, பிறகு எக்செல்லுக்கு மாறி, அதுவும் கைமீறிப் போனபின் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்குகிறார்கள். சுருக்கமாக, சி.ஆர்.எம். திறந்து பார்த்தால் அக்கவுண்ட், கான்டாக்ட், லீட், கேஸ் என்று சில வகை ரெக்கார்டுகள் தயாராக இருக்கின்றன. சோப்பு விற்பவருக்கும் காப்பீடு விற்பவருக்கும் அவை பொதுவானவை. கிணறு அதில் இல்லை, மோட்டாரும் இல்லை.

வாடிக்கையாளரின் ரெக்கார்டிலேயே ‘மோட்டார் ஹெச்.பி.’, ‘சீரியல் நம்பர்’, ‘கிணற்று ஆழம்’ என்று நான்கைந்து ஃபீல்டுகளைச் சேர்த்துவிடத்தான் முதலில் கை போகும். இரண்டு கிணறு வைத்திருக்கும் விவசாயி வரும்வரை அது ஓடும். அவர் வந்ததும் ‘சீரியல் நம்பர் 2’ என்று இன்னொரு ஃபீல்டு முளைக்கும். கோடையில் ஒரு கிணறு வற்றிப்போக, அதிலிருந்த மோட்டாரைத் தூக்கிப் பக்கத்துக் கிணற்றில் இறக்குவார். பழையதை அழித்துப் புதியதை எழுதினால், அந்த மோட்டார் முன்பு எங்கே ஓடியது, எப்போது காயில் கருகியது என்ற கணக்கெல்லாம் அதோடு போய்விடும்.

இந்த இடத்தில்தான் கஸ்டம் ஆப்ஜெக்ட் தேவைப்படுகிறது. மென்பொருளை உருவாக்கியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு பொருள்வகையை, அதை வாங்கியவரே உள்ளே சேர்த்துக்கொள்ளும் வசதி அது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம். மென்பொருளில் நிர்வாகி செட்டப் பக்கத்துக்குப் போய் ‘மோட்டார்’ என்று பெயர் கொடுத்து, ஹெச்.பி.க்கு எண், வாங்கிய நாளுக்குத் தேதி, சீரியல் நம்பருக்கு எழுத்து என்று ஃபீல்டுகளை வரையறுக்கிறார். சீரியல் நம்பர் ஃபீல்டில் ‘யுனிக்’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால், ஒரே நம்பரை இரண்டு மோட்டார்களுக்கு எழுத மென்பொருள் விடாது. எல்லாம் சில நிமிட வேலை. ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

அந்தச் சில நிமிடங்களில் உள்ளே நடப்பது, டேட்டாபேஸ் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த உத்திகளில் ஒன்று. புதிய ஆப்ஜெக்ட் என்றால் டேட்டாபேஸில் புதிய டேபிள் என்றுதான் யாரும் நினைப்போம். சேல்ஸ்ஃபோர்ஸில் அப்படி எந்த டேபிளும் உருவாவதில்லை. 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருளில், பல வாடிக்கையாளர் நிறுவனங்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொருவரும் நினைத்தபோதெல்லாம் டேபிள்களைக் கட்டவும் இடிக்கவும் தொடங்கினால், அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்கள் தடுமாறிப் போவார்கள். அதனால் அதன் பொறியாளர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கிரெய்க் வெய்ஸ்மனும் ஸ்டீவ் பொப்ரோவ்ஸ்கியும் 2009-ல் சிக்மாட் என்ற டேட்டாபேஸ் ஆய்வு மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையில் அதை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார்கள்.

எல்லோருடைய கஸ்டம் தகவலும் ஒரே பெரிய டேபிளில் கிடக்கிறது. அதன் காலம்களுக்கு, அதாவது நெடுவரிசைகளுக்கு, பொருளுள்ள பெயரே கிடையாது: வேல்யூ0, வேல்யூ1 என்று தொடங்கி வேல்யூ500 வரை. அத்தனையும் எழுத்து வகைக் காலம்கள். நம் நிறுவனத்துக்கு வேல்யூ3-ல் ஹெச்.பி. இருக்கலாம், அதே காலத்தில் ஒரு மருத்துவமனைக்கு ரத்த வகையும், ஒரு கல்லூரிக்குச் சேர்க்கைத் தேதியும் இருக்கலாம். சமையலறை அலமாரியில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிவைத்து, உள்ளே துவரம்பருப்பா மிளகா என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுவது போலத்தான். இங்கே அந்தச் சீட்டுகள் வேறு டேபிள்களில் இருக்கின்றன: எந்த நிறுவனத்துக்கு என்னென்ன ஆப்ஜெக்ட் என்பது ஒன்றில், எந்த ஃபீல்டு எந்தக் காலத்தில் என்பது இன்னொன்றில். புதிய ஆப்ஜெக்டை உருவாக்குவது என்றால் அந்த டேபிள்களில் சில வரிகள் கூடுகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் நிறுவனத்தின் அடையாள எண் இருப்பதால், ஒருவர் தகவல் இன்னொருவர் கண்ணில் படாது.

எல்லாவற்றையும் எழுத்தாக வைத்தால் ஒரு சிக்கல் வருகிறது. கிணற்று ஆழத்தை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், 900 அடிக்கு முன்பே 1050 அடி வந்து நின்றுவிடும். எழுத்தாகப் பார்க்கும்போது முதல் குறியான 1, 9-க்கு முந்தியது அல்லவா! இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தேடவும் வரிசைப்படுத்தவும் தேவையான ஃபீல்டுகளுக்கு மட்டும், அதே மதிப்பின் ஒரு பிரதியை இண்டெக்ஸ் டேபிள் ஒன்றில் எழுதுகிறார்கள். அந்த டேபிளில் எண்ணுக்கும் தேதிக்கும் எழுத்துக்கும் தனித்தனிக் காலம்கள் உண்டு. தேடல் அங்கே நடக்கிறது, முழு விவரம் பெரிய டேபிளிலிருந்து வருகிறது. ஒரு ஃபீல்டின் வகையை மாற்றினாலும் இதே லாவகம்தான்: வேறொரு காலத்தை ஒதுக்கி, தகவலை அங்கே நகலெடுத்து, கடைசியில் அந்த ஃபீல்டுக்கான குறிப்பை மட்டும் திருத்துகிறார்கள். இதற்காகப் பயனர்கள் யாரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

உருவாக்குவது இவ்வளவு மலிவாகிவிட்டதால், கஷ்டமான பகுதி மனிதர்கள் பக்கம் வந்துவிட்டது. எதைத் தனிப் பொருளாக வைப்பது, எதை வெறும் ஃபீல்டாக விடுவது? ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் ரிலேஷனல் முறையை முன்வைத்தார். 1976-ல் பீட்டர் சென், உலகத்தைப் பொருள்களாகவும் அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் வரைந்து பார்க்கும் முறையை வெளியிட்டார். இன்றைய சி.ஆர்.எம். திரைகளுக்குப் பின்னால் இருப்பது அந்தச் சிந்தனைதான். தனக்கென ஓர் அடையாளம் இருப்பது, ஒருவரிடமே பல இருக்கக்கூடியது, கைமாறினாலும் வரலாறு தொடர்வது தனிப் பொருள். மோட்டார் அப்படிப்பட்டது, கிணறும் அப்படியே. நிலத்தை விற்றால் கிணறு நிலத்தோடு போகும். மோட்டாரைப் பழைய உரிமையாளர் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஹெச்.பி.க்குத் தனி வாழ்க்கை எதுவும் இல்லை. அது மோட்டாரின் ஃபீல்டு.

கேபிளின் தடிமன் யாருடைய ஃபீல்டு? மோட்டாரில் எழுதினால், அடுத்த கிணற்றுக்குப் போகும்போது வேறு கேபிள் போடுவார்கள். கிணற்றில் எழுதினால், அடுத்த மோட்டாருக்கு அது பொருந்தாது. இந்த மோட்டார் இந்தக் கிணற்றில் இந்தத் தேதியில் இத்தனை அடியில் இறக்கப்பட்டது என்ற நிகழ்வுக்குச் சொந்தமானது அது. எனவே ‘பொருத்தல்’ என்று மூன்றாவதாக ஓர் ஆப்ஜெக்ட் வேண்டும். ஒரு பக்கம் மோட்டாரையும் மறுபக்கம் கிணற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும் இதை சேல்ஸ்ஃபோர்ஸ்காரர்கள் ஜங்ஷன் ஆப்ஜெக்ட் என்பார்கள். அட்வென்ட்நெட்டாக 1996-ல் தொடங்கிய ஜோஹோ, 2005-ல் தன் சி.ஆர்.எம்.மை வெளியிட்டது. அதில் ஆப்ஜெக்டுக்கு மாட்யூல் என்று பெயர். இந்த நடுப்பொருளை லிங்க்கிங் மாட்யூல் என்கிறார்கள். மூன்றாவது பொருளின் தேவை கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டெனத் தோன்றாது. கிணற்று மேட்டில் நின்று மோட்டார் இறக்குபவருக்குத் தெரியும். வடிவமைப்புக் கூட்டத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிடாத நிறுவனம், பாதி உண்மையைத்தான் பதிவு செய்யப்போகிறது.

உறவை எப்படிக் கட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மாஸ்டர்-டீட்டெய்ல் என்ற இறுக்கமான உறவில், மேலே இருக்கும் ரெக்கார்டை நீக்கினால் கீழே இருப்பவையும் சேர்ந்தே போகும். லுக்அப் என்ற தளர்வான உறவில் பொதுவாக இணைப்பு மட்டும் அறும், ரெக்கார்டு நிற்கும். ஜங்ஷனை இரண்டு மாஸ்டர்களோடு கட்டியிருக்கும்போது, பழைய இரும்புக்குப் போட்ட மோட்டார்தானே என்று அதன் ரெக்கார்டை ஒருவர் நீக்கினால், அது ஓடிய எல்லாக் கிணறுகளின் பொருத்தல் கணக்கும் மறைந்துவிடும். ரீசைக்கிள் பின்னில் 15 நாள் வரை தேடி மீட்கலாம், அதற்குப் பிறகு கஷ்டம். ஆகவே நீக்காமல், ‘நிலை’ என்று ஒரு ஃபீல்டு வைத்து ‘கழிக்கப்பட்டது’ என்று குறிப்பதே நல்லது.

இப்படி அடுக்கிவைத்தபின் அந்த நிறுவனம் புதிய கேள்விகளைக் கேட்கலாம். 900 அடிக்குக் கீழே இறக்கிய மோட்டார்களில் ஒரு வருடத்துக்குள் காயில் கருகியவை எவை, அவற்றுக்கு என்ன கேபிள் போடப்பட்டிருந்தது? நீளத்துக்கேற்ற தடிமன் இல்லாத கேபிளில் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். அப்படிப்பட்ட பொருத்தல்களை மட்டும் பட்டியல் எடுத்து, கோடை இறவை தொடங்கும் முன்பே கேபிளை மாற்றச் சொல்லி அந்த விவசாயிகளுக்கு போன் செய்யலாம்.