வேலைக்கு வரும்போதே அடித்த மணி

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிமெரிக் என்ற இடத்தில் புதிதாக ஓர் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஸ்டான்லி வாட்ரஸ் என்றொரு பொறியாளர். வேலை முடிந்து போகிறவர்கள் மேல் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். வாட்ரஸ் அதைக் கடந்தால் மணி அடித்தது. மறுநாளும் அடித்தது. எங்கே போய் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்த நிலையத்திலோ இன்னும் மின்சாரம் எடுக்கவே தொடங்கவில்லை!

ஒருநாள் காலை வேலைக்கு வந்தவர், உள்ளே எதையும் தொடாமல் நேராகப் போய் அந்தக் கருவியில் நின்றார். அப்போதும் மணி அடித்தது. ஆக, அவர் கதிரியக்கத் தூசியை வீட்டிலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார்.

வீட்டுக் காற்றை அளந்தார்கள். லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான் வாயு இருந்தது. 4 இருந்தாலே சரிசெய்துவிடுங்கள் என்கிறது அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

ரேடான் எங்கிருந்து வருகிறது? மண்ணிலும் பாறையிலும் துளியாவது யுரேனியம் இருக்கும். அது சிதைந்து சிதைந்து ரேடியமாகும். ரேடியம் சிதைந்தால் ரேடான். முதல் இரண்டும் திடப்பொருள்கள், கல்லோடு கல்லாகக் கிடக்கும். ரேடான் வாயு அல்லவா, இடுக்கு வழியே நழுவி மேலே வந்துவிடும். நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. திறந்தவெளிக்கு வந்தால் காற்றில் கலந்து நீர்த்துப்போகும். வீட்டுக்குள் சிக்கினால்தான் வம்பு.

குளிர் ஊர்களில் வம்பு கூடுதல். ஜன்னல்களை இறுகச் சாத்தி, ஹீட்டர் போட்டுவிடுவார்கள். சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். கீழே அழுத்தம் குறையும். ஸ்ட்ரா போட்டு இளநீரை உறிஞ்சுவதுபோல, தரை விரிசல் வழியாக வீடு மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும்.

ரேடான் ஒரு மந்த வாயு. மூச்சில் உள்ளே போனாலும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் 3.8 நாளில் அதில் பாதி சிதைந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று மாறும். உண்மையான வில்லன்கள் இவைதான்! எல்லாம் திடத் துகள்கள். தூசியில் ஒட்டும், சட்டையில் ஒட்டும் (மணியை அடிக்கவைத்தவை இவையே), நுரையீரலிலும் ஒட்டும். பொலோனியம் வீசும் ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், நம் மேல்தோலும் தடுத்துவிடும். நுரையீரலின் உட்சுவருக்கு அந்தக் காப்பு இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்த முகமை மதிப்பிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

மூக்கால் கண்டுபிடிக்க முடியாததை எப்படி அளப்பது? எனக்குப் பிடித்த வழி, ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதை டப்பியில் போட்டு மூன்று மாதமோ இன்னும் அதிகமோ வீட்டில் வைத்துவிடுவார்கள். ஆல்ஃபா துகள் மோதும் இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். ஆய்வகத்தில் ரசாயனத்தில் ஊறவைத்தால் வடு ஒவ்வொன்றும் குழியாகப் பெரிதாகும். நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

அளவு அதிகமென்றால்? விரிசலை மட்டும் அடைத்தால் போதாது, வாயு வேறு இடுக்கைத் தேடிக்கொள்ளும். அதனால் தரையில் துளைபோட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, கூரைக்கு மேல்வரை கொண்டுபோய், நடுவில் ஒரு மின்விசிறி பொருத்துகிறார்கள். வீடு உறிஞ்சும் முன்பே விசிறி உறிஞ்சி வானத்தில் விட்டுவிடும். இரவு பகல் ஓடவேண்டும். வாட்ரஸ் வீட்டையும் சரிசெய்த பிறகு குடும்பம் திரும்பி வந்தது.

விசிறி ஓடுகிறதா என்று பார்க்க, குழாயின் பக்கவாட்டில் ஆங்கில ‘யூ’ வடிவில் வண்ணத் திரவம் நிரப்பிய சிறு குழல் இருக்கும். திரவம் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து நின்றால் விசிறி இழுக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது, உடனே அப்பாவைக் கூப்பிட வேண்டியதுதான்.