புகை பிறக்கும் இடத்தை நாடும் கல்வி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊர்க் குளத்துக்குக் காவல் உண்டு. ஏரி மதகுக்கு முறை உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக் கல் உண்டு. ஊரார் அனைவருக்கும் பொதுவான செல்வங்களுள் காற்று ஒன்றுக்கு மட்டும் காவலும் இல்லை, முறையும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத பொருளாகையால், அது கெட்டுவிட்ட செய்தியும் இருமலாகவும் இளைப்பாகவும் வெளிப்பட்ட பின்னரே நமக்குத் தெரிய வருகிறது. இந்தக் காவலின் முதற் பகுதியை உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியரிடம் ஒப்படைக்கலாம் என்பதும், அதற்கேற்ற கல்வியை எவ்வாறு அளிப்பது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

இக்கல்வி நமக்குப் புதியதன்று. 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இயற்கைச் சூழலைப் பேணுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 ஆம் நாள், சூழலியலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன்பின் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை என்னும் மாணவர் மன்றங்களும் தோன்றின. எனவே சட்டமும் பாடநூலும் மன்றமும் நம்மிடம் இருக்கின்றன. குறைவது வேறொன்று.

மரம் மட்டும் போதுமா?

"காற்று மாசினைத் தடுக்கும் வழிகள் யாவை?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் ஒருவரை வினவினால், "மரம் நட வேண்டும்" என்பதே முதல் விடையாக வரும். பல தேர்வுத் தாள்களில் இறுதி விடையும் அதுவே. மரம் நடுதல் நற்செயல் என்பதில் ஐயமில்லை. நிழலும் கனியும் தருவதோடு, இலைகளின்மேல் ஓரளவு தூசியையும் அது தாங்கிக் கொள்கிறது. ஆயினும் தெருவோரத்தில் எரியும் பழைய டயரின் புகையை அருகிலுள்ள வேப்பமரம் உண்டு செரித்துவிடும் என்று எண்ணுவது பிழை. மரத்தை அடையும் முன்னரே அப்புகை குழந்தையின் மார்பை அடைந்துவிடுகிறது.

காற்றைத் தூய்மைப்படுத்துவதில் உலகம் கண்ட வெற்றிகளுள் பெரியவை, புகையைப் பிறக்குமிடத்திலேயே நிறுத்தியதால் விளைந்தவை. லண்டன் மாநகரில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரை அழுத்தின. அந்நாட்களில் ஏறத்தாழ 4,000 பேர் வழக்கத்துக்கு மேலாக மாண்டனர் என்று அப்போது கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தியுள்ளனர். அதன் விளைவாக 1956 இல் இயற்றப்பெற்ற தூய காற்றுச் சட்டம், குறித்த பகுதிகளில் புகை தரும் எரிபொருளையே விலக்கிற்று. அவ்வாறே, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தைக் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. 2021 இல் அல்ஜீரியாவிலும் அது நிறுத்தப்பட்ட பின்னர் உலகில் எந்நாட்டிலும் சாலை வாகனங்களுக்கு அது விற்கப்படுவதில்லை.

ஆகவே மாணாக்கருக்கு நாம் கற்பிக்க வேண்டிய முதற் கேள்வி, "இப்புகை எங்கே பிறக்கிறது?" என்பதே.

புகையினுள் இருப்பது யாது?

தூய உலர்ந்த காற்றில் நைட்ரஜன் ஏறத்தாழ 78 விழுக்காடும், ஆக்சிஜன் 21 விழுக்காடும் உள்ளன. எஞ்சிய ஒரு விழுக்காட்டில் ஆர்கானும், சிறிதளவு கரியமில வாயுவும் பிறவும் அடங்கும். இவற்றோடு கலக்கும் நுண்துகள்களே இன்று பெரிதும் அஞ்சத்தக்கவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி மூக்கைக் கடந்து மார்பினுள் செல்ல வல்லது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்டதோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று படிகிறது. அதனுள்ளும் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன.

இந்நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2009 ஆம் ஆண்டின் இந்திய அளவுகோல் கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே. சிறுவர்கள் தம் உடல் எடைக்கு ஒப்பிடுகையில் பெரியவரைக் காட்டிலும் மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றனர். நுரையீரலின் வளர்ச்சி இருபது வயதை ஒட்டியே நிறைவு பெறுகிறது. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் அது தடைப்படுமாயின் பின்னர் முற்றும் ஈடு செய்தல் அரிது. இப்பாடம் பிறர் நலத்துக்காக மட்டுமன்றி, கற்பவரின் சொந்த மார்பைப் பற்றியது என்பதை ஆசிரியர் முதலிலேயே உணர்த்துதல் வேண்டும்.

கனகசெட்டிக்குளம் ஓர் எடுத்துக்காட்டு

ஊரையே பாடநூலாகக் கொள்ளலாம் என்பதற்குப் புதுச்சேரிப் பகுதியின் வடஎல்லையில் உள்ள கனகசெட்டிக்குளம் நல்ல எடுத்துக்காட்டு. கடலோர மீனவர் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் அமைந்தது. 1954 நவம்பர் 1 ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வரும் வரை, இப்பகுதியின் எல்லை பிரெஞ்சு ஆட்சிக்கும் இந்திய ஒன்றியத்துக்கும் இடைப்பட்ட எல்லையாக இருந்தது. இன்றும் வடக்கே சிறிது சென்றால் தமிழ்நாட்டின் கீழ்ப்புத்துப்பட்டு வந்துவிடுகிறது. எல்லையில் சரக்கை நிறுத்திச் சோதிக்கலாம். புகையை நிறுத்திச் சோதிக்க இயலாது. ஒரு புறத்தில் கொளுத்திய குப்பையின் புகையை மறு புறத்தார் சுவாசிக்கின்றனர் என்னும் உண்மையை இத்தகைய ஊரில் விளக்க வரைபடம் ஒன்றே போதும்.

"கடற்காற்று வீசும் ஊருக்கு மாசு ஏது?" என்று சிலர் கேட்கக் கூடும். பகலில் நிலம் விரைவில் சூடேறுவதால் அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று கரை நோக்கி வருகிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுகிறது. அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லச் செல்கிறது. ஆகவே மாலையில் சாலையோரத்தில் குப்பைக்குத் தீ வைத்தால், இரவு முழுதும் கனலும் அதன் புகை, கடலை அடையுமுன் கிழக்கே உறங்கும் குப்பத்தின் வழியாகவே செல்லும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேல்காற்று வலுத்திருக்கையில், பகலிலும் நெடுநேரம் இவ்வாறே நிகழும். பனிக்காலத்து விடியலிலோ தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெதுவெதுப்பாயும் இருப்பதால், புகை மேலெழாமல் மூடியிட்ட பானையினுள் அடங்கியதுபோல் தங்கிவிடுகிறது. லண்டனில் நேர்ந்ததும் இதுவே. 2018 ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் போக்குவரத்து தடைப்பட்டதற்கும் இதுவே காரணம்.

மாணாக்கர் செய்து அறியத்தக்கவை

பெரும் பொருட்செலவின்றிப் பள்ளியிலேயே செய்யக் கூடிய நான்கு பயிற்சிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, தூசி அட்டை. வெள்ளை அட்டைகளில் ஒரு சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள் வரைந்து, வாசலின் மெல்லப் பூசி, சாலையோரம், பள்ளி முற்றம், சமையற்கட்டு, கடற்கரை, குப்பை மேடு ஆகிய ஐந்து இடங்களில் மழை படாதவாறு தொங்கவிட வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் கைக்கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டங்களில் உள்ள துகள்களை எண்ணிச் சராசரி காண வேண்டும். கடற்கரை அட்டையில் மணலும் உப்புத் துகளும் படியும். அவற்றைக் கரித்துகளோடு சேர்த்து எண்ணலாகாது. கண்ணுக்குப் புலப்படும் பெருந்துகளையே இவ்வட்டை காட்டும், மிக நுண்ணியவை இதில் தெரியா என்பதையும் ஆசிரியர் சொல்லிவைத்தல் நலம்.

இரண்டாவது, இலைச் சோதனை. சாலையை ஒட்டிய மரத்திலும், ஊர் உட்புறத்து மரத்திலும், ஒரே இனத்து இலைகள் பத்துப் பத்தாகப் பறித்து, ஈர வெள்ளைத் துணியால் துடைத்து, துணிகளை அருகருகே வைத்துக் காண வேண்டும்.

மூன்றாவது, காற்றுத் திசைக் குறிப்பு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையிலும் புகை சாயும் திசையைக் குறித்தல். இரண்டு வாரம் தொடர்ந்தால் நிலக்காற்றும் கடற்காற்றும் மாறும் நேரம் தெளிவாகும்.

நான்காவது, புகை வரைபடம். ஊரின் படத்தை வரைந்து, புகை எழுந்த இடம், நாள், நேரம், எரிந்த பொருள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வீட்டாரின் பெயரை எழுதுதல் கூடாது. இடத்தையும் பொருளையும் மட்டுமே எழுத வேண்டும். எரியும் குப்பைக்கு அருகே மாணாக்கரை அனுப்பாமல் தொலைவிலிருந்தே நோக்கச் செய்வது ஆசிரியரின் பொறுப்பு.

2015 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற தேசிய காற்றுத் தரக் குறியீட்டையும் இவற்றோடு சேர்த்துக் கற்பிக்கலாம். 0 முதல் 500 வரையிலான அவ்வெண்ணில் 50 வரை நல்லது. 100 வரை திருப்தி. 200 வரை மிதம். 300 வரை மோசம். 400 வரை மிக மோசம். அதற்கு மேல் கடுமை. ஆனால் நகரில் உள்ள கருவி நகரின் காற்றையே அளக்கும். உங்கள் தெருவில் நேற்றிரவு எரிந்த குப்பையை அது அறியாது. அதனை அறிய வல்லவர் அத்தெருவின் பிள்ளைகளே.

பிறப்பிடம் தெரிந்த பின்

வரைபடம் நிறைவுற்றதும், ஒவ்வொரு புகைக்கும் உரிய மாற்று தானே வெளிப்படும். குப்பையில் இலையும் சருகும் மிகுதியாயின் எருக்குழியே மருந்து. பிளாஸ்டிக் மிகுதியாயின் பிரித்துச் சேர்த்து ஒப்படைக்கும் ஏற்பாடு வேண்டும். பி.வி.சி. கலந்த பொருள் திறந்த வெளியில் எரியும்போது ஹைட்ரோ குளோரிக் அமில வாயுவும், டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகின்றன. கடற்கரையில் கழித்த நைலான் வலையைக் கொளுத்தினால் சயனைடு வாயுவும் வெளிப்படும். பழைய வலையை எரிக்காமல் தனியே சேர்த்து மறு பயனுக்கு விற்பதே தக்கது. பொது இடத்தில் குப்பை எரித்தலை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதித்தது.

சமையற்கட்டுப் புகைக்கு நம் துறை நெடுங்காலமாகவே போராடி வருகிறது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமூக அபிவிருத்தித் திட்டத்தின் காலத்திலேயே புகையில்லா அடுப்பைப் பற்றிக் கிராமங்களில் எடுத்துரைத்தனர். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பப் பெண்டிருக்கு எரிவாயு இணைப்பு வழங்கிற்று. எனினும் இணைப்பு இருந்தும், உருளை வாங்கும் செலவுக்கு அஞ்சிச் சவுக்கு மிளாரையும் பனையோலையையும் எரிக்கும் இல்லங்கள் உள்ளன. அங்கே புகைபோக்கியும், காற்றோட்டமான சாளரமும், சமைக்கும்போது கைக்குழந்தையை அருகே வைத்துக்கொள்ளாமையும் உடனடியாகப் பயன் தரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வெந்நீருக்கு விறகு எரிக்கும் பாட்டியாரையும், குப்பை வண்டி வாராமையால் சருகைக் கொளுத்தும் குடும்பத்தாரையும் குற்றவாளியாகக் கருதுமாறு பிள்ளைகளைப் பழக்கலாகாது. புகை எழும் இடத்தில் பெரும்பாலும் ஒரு வசதிக் குறைவு ஒளிந்திருக்கிறது. அக்குறையைக் கண்டு உரியவரிடம் எடுத்துரைப்பதே கல்வியின் பயன். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. புதுச்சேரிப் பகுதியில் உரிய உள்ளாட்சி அமைப்பிடம் மனு அளிக்கலாம். "குப்பை எரிக்கப்படுகிறது" என்னும் பொதுவான புகாரைப் பல அதிகாரிகள் கேட்டுப் பழகிவிட்டோம். "இரண்டு வாரத்தில், இன்ன இடத்தில், இத்தனை முறை, இன்ன பொருள் எரிந்தது, அங்கே தொட்டி இல்லை" என்று மாணாக்கர் வரைந்த படம் மேசைக்கு வருமாயின், அதனை ஒதுக்கி வைத்தல் எளிதன்று.

அடுத்த பருவத்தில் அதே பயிற்சிகளை மீண்டும் செய்து, அட்டையில் துகள் குறைந்ததா, வரைபடத்தில் புகைக் குறிகள் அருகினவா என்று ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் பாடம் நிறைவேறிற்று. குறையாவிடில் எத்தீர்வு பயன்படவில்லை என்பதையாவது பிள்ளைகள் அறிந்திருப்பர். ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் தத்தம் ஊரில் இவ்வாண்டே இதனைத் தொடங்க முன்வருவார்களாக. ஐந்து அட்டைகளும் ஒரு கட்டு ஊதுபத்தியும் எந்தப் பள்ளிக்கும் எட்டாத செலவல்ல.