எத்தனை சொட்டு வாசனை?

"சார், குறிப்பில் சொன்னபடிதானே செய்தேன்! பிறகு ஏன் இப்படி ஆயிற்று?"

இப்படிக் கேட்டாள் என் இயற்பியல் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் கழுத்தின் ஒரு பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை. 100 கிராம் தேங்காய் எண்ணெயில் 20 சொட்டு கலப்பு வாசனை எண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது குறிப்பு. அப்படியே சேர்த்தாள். மணம் கமழ்ந்தது. சற்று நேரத்தில் மணம் குறைந்தது போலத் தோன்றவே, இன்னும் 20 சொட்டு விட்டாள். பிறகு மறுபடியும் 20. அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு கல்லூரி விளையாட்டு விழாவில் பகல் முழுதும் வெயிலில் நின்றாள். இரண்டாம் நாள் தோல் சிவந்து எரிந்தது. சிவப்பு மறைந்தும் கறை போகவில்லை.

தவறு எங்கே? மாணவ நண்பர்களே, அவள் இரண்டு அளவு கருவிகளை நம்பினாள். ஒன்று மூக்கு, மற்றொன்று சொட்டு. இரண்டுமே நம்பத் தகாதவை.

மூக்கு ஏன் ஏமாற்றுகிறது?

ஊதுவத்தி ஏற்றிய அறையில் சிறிது நேரம் இருந்தால் மணமே தெரிவதில்லை. வெளியிலிருந்து வருபவரோ, "என்ன வாசனை!" என்கிறார். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும்போது நமது நுகர்ச்சி மழுங்கிவிடுகிறது. மாணவியின் எண்ணெயில் மணம் குறையவில்லை. அவள் மூக்குதான் களைத்துவிட்டது.

சொட்டு என்பது ஓர் அளவா?

டிராப்பரின் நுனியில் தொங்கும் திரவத்தை விழாமல் தாங்குவது பரப்பு இழுவிசை. எடை அதை மிஞ்சியதும் சொட்டு விழுகிறது. நுனியின் சுற்றளவு பெரிதானால் சொட்டும் பெரிதாகும். பரப்பு இழுவிசை குறைந்தால் சொட்டு சிறிதாகும். இதை 1864-இல் தாமஸ் டேட் விளக்கினார். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன், தாவர எண்ணெய்களுக்கோ 0.03 அளவுதான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே டிராப்பரால் அளவு ஜாடியில் 5 மி.லி. நீரையும், பிறகு 5 மி.லி. தேங்காய் எண்ணெயையும் சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். எண்ணெய்க்கு ஏறத்தாழ இரு மடங்கு சொட்டுகள் வேண்டியிருக்கும். டிராப்பரை மாற்றினால் கணக்கும் மாறும்.

மாணவியின் டிராப்பரிலிருந்து விழுந்த 20 சொட்டுகளை ஆய்வகத் தராசில் நிறுத்தோம், 0.6 கிராம் இருந்தது. அவள் விட்ட 60 சொட்டு 1.8 கிராம். அதாவது ஏறத்தாழ 1.8 சதவீதம். "இவ்வளவுதானா!" என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்தக் கலப்பில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

வெயிலும் ஒரு பங்காளி

விற்றவர் தந்த தாளின்படி கலப்பில் சரிபாதி பெர்கமாட் எண்ணெய். இது எலுமிச்சை இனப் பழமொன்றின் தோலைப் பிழிந்து எடுப்பது. இதில் பெர்காப்டென் என்ற பொருள் உண்டு. இருட்டில் அது சாது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அந்த ஆற்றலை ஏற்றுத் தோலின் செல்களைத் தாக்குகிறது. ஓடிகொலோன் பூசியவர்களின் தோலில் இத்தகைய கறை தோன்றுவதை 1916-இல் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் விவரித்தார்.

1973-இல் தோன்றிய பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கம் இத்தகைய பொருள்களுக்கு வரம்பு விதிக்கிறது. பூசிவிட்டு வெயிலில் செல்லும் தோலுக்கு, பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெயின் வரம்பு 0.4 சதவீதம். மாணவி பூசியதில் இருந்தது 0.9 சதவீதம், வரம்பைப் போல இரு மடங்குக்கும் மேல்! குறிப்பின்படி 20 சொட்டுடன் நிறுத்தியிருந்தால் 0.3 சதவீதம்தான். ஆனால் அதே 20 சொட்டு 1 கிராம் எடையுள்ளதாக விழும் அகன்ற டிராப்பராக இருந்தால்? 0.5 சதவீதம், குறிப்பைப் பின்பற்றியும் வரம்பு மீறியிருக்கும்.

ஆகவே, கலப்பு எண்ணெயில் எந்தப் பொருளின் வரம்பு மிகக் குறைந்த கலப்பைத் தருகிறதோ, அதுவே முழுக் கலப்புக்கும் வரம்பு. விற்பவர் தரும் தாளில் முகக் களிம்பு, சோப்பு, மெழுகுவர்த்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். மெழுகுவர்த்திக்குரிய அளவை முகத்துக்கு எடுத்துக்கொள்ளலாகாது.

"இயற்கை எண்ணெய்தானே" என்று சமாதானம் கொள்வதற்கும் இல்லை. எலுமிச்சை எண்ணெயிலுள்ள லிமோனீன் காற்றுடன் சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால், ஒவ்வாமை தரும் பொருள்கள் உண்டாகின்றன. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் உடல் அதை நெடுங்காலம் மறப்பதில்லை.

நினைவில் கொள்க

வாசனை எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவாதீர்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்துச் சேருங்கள். தராசு இல்லையெனில் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சால் அளவிடுங்கள். வரம்புத் தாள் இல்லாத எண்ணெயைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். கலந்ததை முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அந்த இடத்தில் வெயில் படவேண்டாம். எரிச்சலோ சிவப்போ கண்டால் கைவிடுங்கள். புட்டியை இறுக மூடி, இருளான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். குழந்தைகளுக்கு வாசனையே வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அந்த அளவை மூக்கிடம் கேட்காமல் தராசிடம் கேளுங்கள். கறை மங்கப் பல மாதங்கள் ஆயின. அந்த மாணவி இப்போது எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் கலக்கிறாள்!