பிரெய்ரி நாய்கள் திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு எலிகளுக்கு என்ன ஆகும்?

2008 அக்டோபர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லாஸ் சியெனகாஸ் என்ற பாதுகாக்கப்பட்ட புல்வெளி. நியூ மெக்சிகோவிலிருந்து பிடித்துவந்த கருவால் பிரெய்ரி நாய்களை அங்கே விட்டார்கள். அந்த மாநிலத்தில் அந்த இனம் அழிந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

பேர்தான் நாய். உண்மையில் இது அணில் குடும்பத்துக் கொறிக்கும் பிராணி, எடை சுமார் ஒரு கிலோ. ஆபத்து வந்தால் எழுப்பும் சத்தம் குரைப்பு மாதிரி இருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வளை தோண்டி, குடும்பம் குடும்பமாக, பெரிய காலனிகளில் வாழும்.

மாட்டுக்கான புல்லைத் தின்றுவிடுகிறது என்று பண்ணைக்காரர்கள் விஷம் வைத்தார்கள். புல்வெளிகள் வயல்களாயின. வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பிளேக் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கருவால் இனம் ஒருகாலத்தில் பரவியிருந்த பரப்பில் 95 சதவீதத்துக்கும் மேல் காலியானது.

அதனால்தான் பல மாநிலங்களில் இவற்றைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி. ‘பிரெய்ரி நாய் வந்தால் புல்வெளியில் எல்லா உயிர்களும் பெருகும்’ என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கேட்க நல்லா இருக்கு. ஆனா களத்தில் எலிகளைப் பிடித்து எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது கொஞ்சம் வேறு.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

பிரெய்ரி நாய் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வளை தோண்டுவது. இன்னொன்று, சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டிவிடுவது. கழுகோ நரியோ வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டுமே!

வெட்டவெளியும் ஆயத்த வளையும் யாருக்குப் பிடிக்குமோ அவர்கள் குடிவருவார்கள். காட்டன்டெயில் முயல்கள் காலி வளைகளில் பதுங்குகின்றன. முக்கியமாக, வெட்டுக்கிளி எலி. இது சாதாரண எலி இல்லை. பூச்சி, தேள், சமயத்தில் மற்ற எலிகளைக்கூட வேட்டையாடும். நிமிர்ந்து நின்று மெல்லிய குரலில் ஊளையிடும் பழக்கமும் உண்டு. மண் தெரியும் திறந்தவெளிதான் இதற்கு வசதி.

உயரமான புல்லை நம்பி வாழ்பவற்றின் கதை வேறு. புல்லுக்கடியில் பாதை போட்டு ஓடும் வோல் எலிகளும், புல் தண்டுகளில் ஏறித் திரியும் அறுவடை எலிகளும் காலனிக்குள் குறைந்துபோகும். மறைவிடமே போய்விட்டால் அவை என்ன செய்யும்?

1980-களில் தெற்கு டகோட்டாவில் நடந்த ஆய்வில் இது எண்களாகவே தெரிந்தது. காலனிக்குள் சிறு எலிகளின் மொத்த எண்ணிக்கை அதிகம். ஆனால் எலி வகைகள் அதிகம் இருந்தது காலனிக்கு வெளியே. ஆக, ‘பல்லுயிர் பெருகியதா?’ என்று கேட்டால், எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

பிறகு, கருவால் இனம் வாழும் பரப்பு முழுக்க எட்டு இடங்களில் பொறி வைத்துப் பார்த்தார்கள். இடத்துக்கு இடம் 4 முதல் 11 வகை வரை எலிகள் சிக்கின. எங்கு பார்த்தாலும் காலனிக்கு உள்ளே இருந்த எலிக் கூட்டமும் வெளியே இருந்ததும் தெளிவாக வேறுபட்டன. ஆனால் எந்த எலி கூடும், எது குறையும் என்பது அந்த ஊரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறியது.

என் பார்வையில், இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரே ஒரு காலனியை எடுத்து எண்ணினால் ஏமாந்துபோவோம். காலனி ஒரு பக்கம், உயரப் புல் ஒரு பக்கம் என்று இரண்டும் கலந்திருக்கும்போதுதான் மொத்தப் புல்வெளியில் வகைகள் கூடுகின்றன. எல்லா இடமும் காலனி ஆனாலும் நஷ்டம், எங்குமே இல்லாவிட்டாலும் நஷ்டம்.

அமைதியான அண்டைவீட்டுக்காரரா?

பார்க்க க்யூட்டாக இருக்கும் இந்தப் பிராணிக்கு இன்னொரு முகம் உண்டு. கொலராடோவில் உள்ள அரபஹோ வனவிலங்குச் சரணாலயத்தில் ஜான் ஹூக்லேண்ட் குழு 2007 முதல் ஆறு ஆண்டுகள் வெண்வால் பிரெய்ரி நாய்களைக் கவனித்தது. அவை பக்கத்தில் வாழும் வயோமிங் தரை அணில்களைத் துரத்திப் பிடித்துக் கடித்துக் கொன்றன. நேரில் உறுதியானவை மட்டும் 101 கொலைகள். தின்பதற்காகவும் இல்லை, உடலை அப்படியே போட்டுவிட்டுப் போயின. இரண்டும் ஒரே புல்லைத் தின்பவை, போட்டியாளர்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கொன்ற தாய்களின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. சைவப் பிராணி செய்யும் வேலையா இது!

இது வெண்வால் இனத்தில் பார்த்தது. மற்ற இனங்களும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

விட்டால் மட்டும் போதாது

இன்னொரு விஷயம். மேலே சொன்ன எலிக் கணக்குகள் ஏற்கெனவே இருக்கும் காலனிகளில் எடுத்தவை. புதிதாக விட்ட இடத்தில் ஊர் மறுநாளே உருவாகிவிடாது. புல்லை வெட்டி, செயற்கை வளைகளைப் புதைத்து, கூண்டில் சில நாள் பழக்கி, பிறகுதான் விடுகிறார்கள். குடும்பத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் பிழைக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று 2006-இல் டெப்ரா ஷையர் காட்டினார். அப்படியும் நியூ மெக்சிகோவின் செவியெட்டா சரணாலயத்தில் எண்ணிக்கை சரிந்ததால், திரும்பத் திரும்பப் புது விலங்குகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. பிரெய்ரி நாயே நிலைக்காத இடத்தில் எலிகளின் மாற்றத்தை எங்கே அளப்பது?

நிலைத்த காலனிகளுக்கும் பிளேக் பயம் தீரவில்லை. கொலராடோவின் பானி புல்வெளியில் செய்த ஆய்வுகளில் வெட்டுக்கிளி எலி மறுபடி தலைகாட்டியது. பிரெய்ரி நாய்க் குடும்பங்கள் தங்கள் எல்லையைத் தாண்டிப் பெரிதாகக் கலப்பதில்லை. ஆனால் இந்த எலி எல்லா வளைக்குள்ளும் புகுந்து புறப்படும். உடம்பில் பிளேக் கிருமியுள்ள தெள்ளுப்பூச்சியும் கூடவே பயணிக்கும். எலிகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டிப் பெருகினால், குடும்பங்களுக்கு நடுவே பாலம் விழுந்து, நோய் காலனி முழுக்கப் பரவுகிறது. பிரெய்ரி நாயால் அதிகம் பலனடைந்த விருந்தாளியே அதற்கு எமனைக் கூட்டிவருகிறது.

இதனால்தான் களப் பணியாளர்கள் வளை வளையாகப் போய்த் தெள்ளுப்பூச்சிக் கொல்லி மருந்தைத் தூவுகிறார்கள். வேர்க்கடலை வெண்ணெய் வாசனையுள்ள தடுப்பூசி உருண்டைகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த உருண்டைகளை எலிகளும் வந்து தின்கின்றன.