ஆவியில் வேகும் முழு மீன்: எண்ணெய் ஏன் கடைசியில்?

தென்சீனாவின் குவாங்டாங் சமையலில் கொடுவா, களவா போன்ற மீன்களைத் தலையும் வாலுமாக ஆவியில் வேகவைப்பார்கள். தட்டில் வெங்காயத்தாளைப் பரப்பி மீனைக் கிடத்தினால் ஆவி அடிப்புறமும் புகும். மீன்மேல் பட்டு நீராகும்போது நீராவி கிராமுக்குச் சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை விட்டுவிடுகிறது. அதனால்தான் 600 கிராம் மீன் 8–10 நிமிடத்தில் வெந்துவிடுகிறது. நீரே உடலைத் தாங்குவதால் மீனின் தசையில் கொலாஜன் குறைவு. 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே சதை வெளுத்து, இதழ் இதழாகப் பிரியும். மேலும் சில நிமிடம் விட்டால் சாறு வடிந்து சக்கையாகிவிடும்.

கடல்மீனின் கவிச்சிக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமீன். மீன் செத்தபின் பாக்டீரியாக்களால் உண்டாகும் இது, தட்டில் தேங்கும் கலங்கிய நீரிலும் இறங்கியிருக்கும். அந்த நீரைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

பிறகு நூல்போல நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் தூவி, நன்றாகக் காய்ந்த எண்ணெயை 2 மேசைக்கரண்டி ஊற்றுகிறார்கள். சடசடவென்று பொரியும் அந்த நொடியில்தான் மணம் கிளம்புகிறது. இஞ்சியின் மணப்பொருள்கள் நீரைவிட எண்ணெயில் எளிதில் கரைபவை. மொத்த எண்ணெயே இவ்வளவுதான். வறுவலைப்போல மீன் எண்ணெய் குடிப்பதில்லை. சோயா சாஸைச் சுற்றிலும் ஊற்றுவார்கள். அதில் உப்பு மிகுதி. மீனில் தனியே உப்புத் தடவ வேண்டியதில்லை.